இது எதுக்குப்பா? பேர் தெரியாத இரும்புச் சாமானைப் பார்த்து அதன் வேலையைக் கண்டுபிடிப்பது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். செடி, கோழிக்குஞ்சு, பழைய கட்டில், நின்றுபோன சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் தாண்டி நடந்தால் ஓரிடத்தில் தார்ப்பாய் விரித்து இரும்புச் சாமான்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பாதிக்குப் பெயர் தெரியும், ஸ்பேனர், சுத்தியல், பைப் ரெஞ்சு. மீதிப் பாதிதான் நம்மை உட்கார வைக்கும். அப்படி உட்கார்ந்த ஒரு வெள்ளிக்கிழமை நான் 30 ரூபாய்க்கு ஒரு குச்சி வாங்கி வந்தேன். ஒரு சாண் நீளம், கடைந்த மரம், நடுவில் லேசாகப் பருத்து இரண்டு பக்கமும் ஒல்லியாகிப் போகும். இரண்டு முனையிலும் குழிந்த ரப்பர்க் கிண்ணம், ஒன்று பத்து ரூபாய் நாணயம் அளவு, இன்னொன்று அதைவிடச் சின்னது.

"இது எதுக்குண்ணே?"

"தெரியல சார். 30 ரூவா குடுத்துட்டு எடுத்துக்கோங்க."

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வாஷ்பேசின் அடைப்பு எடுக்கிறது என்றாள் மனைவி. விளையாட்டு அம்பு என்றான் பையன், உடனே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் காட்டினான். கண்ணாடித் தகட்டைத் தூக்குகிற கருவி என்பது என் கட்சி. மூன்றும் தப்பு. ஏன் தப்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று பேரும் ரப்பரை மட்டும் பார்த்தோம், மரத்தை யாரும் பார்க்கவில்லை. குச்சிக்குத் திரும்ப வருகிறேன், அதற்கு முன் இந்த மாதிரிப் பொருட்களை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அடிக்கடி இப்படிப் பொருட்களோடு போய் நிற்பேன், அவர் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார். கீழே இருப்பதில் உருப்படியானவை எல்லாம் அவரிடம் கற்றவை.

கையில் எடுத்ததும் அது கருவியா, இல்லை வேறு ஏதோ ஒன்றிலிருந்து கழன்று வந்த உதிரியா என்று பாருங்கள். நாம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முழுக் கருவி என்று நினைத்துக்கொண்டு, கைப்பிடி எங்கே, எப்படிப் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். அது ஏதோ ஒரு மெஷினின் வயிற்றிலிருந்து வந்த துண்டாக இருக்கும். கை படுகிற இடம் இருந்தால் கருவி. கை படுகிற இடமே இல்லாமல், போல்ட் போகிற ஓட்டையும் எதன் மேலாவது உட்காருகிற தட்டையான அடியும் இருந்தால் உதிரி. புதுப்பேட்டையில் வண்டி வண்டியாகப் பிரித்துப் போடுகிற இடங்களில் நின்று பாருங்கள், தரையில் கிடப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டாவது ரகம்.

கருவி என்று தெரிந்துவிட்டால் அது எதைத் தொடும் பொருள் என்று பார்க்கலாம். இதற்கு இரும்புகூட வேண்டாம், வீட்டுச் சாமானே போதும். வடக்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுப் பாலாடையை, அதாவது கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற கிண்ணத்தை, பார்த்துவிட்டு இது என்ன விளக்கா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அகல் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் மூக்கில் கரி இல்லை. விளக்காக இருந்தால் வருஷக்கணக்கில் திரி எரிந்த இடம் எவ்வளவு தேய்த்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். விளிம்பு முழுக்க வழவழவென்று மழுங்க உருட்டியிருக்கிறது, விளக்குக்கு அப்படி உருட்ட யாரும் மெனக்கெட மாட்டார்கள். கொள்ளளவோ இரண்டு மூன்று ஸ்பூன். கூர்மையே இல்லாத விளிம்பு, மெல்லிசாக ஊற்றுகிற மூக்கு, கொஞ்சமே பிடிக்கும் வயிறு. ஏதோ ஒரு சின்ன வாய்க்குள் போகிற பொருள் என்று பாலாடையைப் பார்த்தே இராதவரும் இதை வைத்துச் சொல்லிவிடலாம். இருக்க வேண்டிய தடயம் இல்லாமல் இருப்பதும் ஒரு தடயம்தான், கரி இல்லாதது போல.

இனி பெரியவர் சொன்ன விஷயம். ஒருநாள் ஒரு கனமான வார்ப்பிரும்புக் கட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே வரியில் சொன்னார்.

"கடைஞ்ச இடத்தப் பாருங்க தம்பி. சும்மா யாராச்சும் கூலி குடுத்துக் கடைவாங்களா?"

இதுதான் சாவி. பொருளைச் செய்கிறவருக்கு ஒவ்வொரு வேலைக்கும் காசு செலவாகிறது. வார்ப்பில் வந்ததை அப்படியே விட்டுவிட்டால் மலிவு. அதே இடத்தை லேத்தில் போட்டுக் கடைவது, மில்லிங்கில் போட்டுத் தட்டையாக்குவது, துளை போட்டுத் திருகு மரை வெட்டுவது எல்லாம் மெஷின் நேரம், ஆள் கூலி. அதனால் செய்கிறவர் எங்கே தேவையோ அங்கே மட்டும்தான் செலவு செய்வார், மற்ற இடத்தைச் சொரசொரப்பாக அப்படியே விட்டுவிட்டு மேலே பெயின்ட் அடித்துவிடுவார். எந்தப் பக்கம் சொரசொரப்பு, எந்தப் பக்கம் பளபளப்பு என்று பிரித்துப் பார்த்தாலே பொருளின் எந்தப் பக்கத்துக்கு வேலை இருக்கிறது, எந்தப் பக்கம் சும்மா கூட வந்தது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கட்டியையே எடுத்துக்கொள்வோம். வெளியே முழுக்க மணல் வார்ப்பின் சொரசொரப்பு, பச்சைப் பெயின்ட். அடிப்பக்கம் மட்டும் சுத்தமாகத் தட்டையாக்கியிருக்கிறது, அப்படியென்றால் அது எதன் மேலோ உட்கார வேண்டும், ஆடாமல் உட்கார வேண்டும். நடுவில் பெரிய வட்டத் துளை, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு. உருண்டையான ஏதோ ஒன்று அங்கே அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதால்தான் அந்தச் செலவு. பாதப் பகுதியில் இரண்டு போல்ட் ஓட்டைகள். ஆனால் அவை வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இழுத்துவிட்டது போல இருக்கின்றன. மாட்டிய பிறகு கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தி நேராக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்டையில் ஒரு சின்ன நிப்பிள், கிரீஸ் அடிக்க. கிரீஸ் போக வழி வைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ சுற்றுகிறது. சுற்றுகிற தண்டு ஒன்றைத் தாங்கி, ஒரு சட்டத்தின் மேல் உட்கார்ந்து, நேர்பார்த்து இறுக்கப்படுகிற பொருள். பட்டறையில் இதற்கு பிளம்மர் பிளாக் என்று பெயர். உள்ளே பேரிங் உட்காரும், மாவு மில்லிலிருந்து கன்வேயர் வரை தண்டு சுற்றுகிற இடத்தில் எல்லாம் பார்க்கலாம். பெயர் தெரியாமலே முக்கால்வாசி தூரம் வந்துவிட்டோம், கவனித்தீர்களா? பெயர் கடைசியில் வந்தால் போதும்.

இதே கணக்கில் இன்னும் சில சின்னச் சின்ன அடையாளங்கள். ஒரு தண்டின் இரண்டு முனையின் மையத்திலும் கூம்பு வடிவத்தில் குட்டிக் குழி இருந்தால் அதை லேத்தில் இரண்டு சென்டருக்கு (கூர்முனைப் பிடிகளுக்கு) நடுவில் பிடித்துக் கடைந்திருக்கிறார்கள், துல்லியம் வேண்டியிருந்தது என்று அர்த்தம். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஒரு திசையில் மட்டும் சுற்றவிட்டு மறு திசையில் தடுக்கிற ராட்செட். உடம்பைச் சுற்றி ஓடுகிற கோடு மெல்லிசாக இருந்தால் வார்ப்பு, பட்டையாக, தேய்த்து எடுத்தது போல இருந்தால் காய்ச்சி அடித்த ஃபோர்ஜிங். ஃபோர்ஜிங் செலவு கூடியது, அடியும் முறுக்கும் தாங்கும். வார்ப்பிரும்பு அழுத்தம் தாங்கும், ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். ஆகவே வார்ப்பிரும்பில் செய்த பொருளை யாராவது சுத்தியல் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உலோகமும் பேசும். பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டினால் இரும்பு வகை, ஒட்டாவிட்டால் பித்தளையா வெண்கலமா அலுமினியமா என்று நிறமும் கனமும் சொல்லிவிடும். எவர்சில்வரில் மட்டும் ஏமாறலாம், பாத்திரத்துக்குப் பயன்படுகிற நல்ல ரகம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. இரும்பே போதும் என்கிற இடத்தில் விலை அதிகமான உலோகத்தைப் போட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஒருமுறை மஞ்சள் நிறத்தில் ஒரு சுத்தியல் கிடைத்தது. சுத்தியலுக்கு எதற்குப் பித்தளை நிறம், சாமி ரூமில் மாட்டவா? காரணம் தீப்பொறி. இரும்பின் மேல் இரும்பால் அடித்தால் பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான நிறுவனத்தின் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மாதிரியான இடங்களில் இப்படிப் பொறி பறக்காத செம்புக் கலவைக் கருவிகள்தான் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, மென்மையான உலோகத்தால் அடித்தால் அடிபடுகிற இரும்பின் முகம் நசுங்காது. எந்தக் காரணம் என்பதைச் சுத்தியலின் முகம்தான் சொல்ல வேண்டும். முகம் நன்றாகக் குழி விழுந்திருந்தால் இது பட்டறையில் தண்டு, பேரிங் தட்டி இறக்கியது என்று நினைக்க இடமிருக்கிறது.

இதுவரை பார்த்தது செய்தவர் விட்ட தடயம். பயன்படுத்தியவர் விட்ட தடயம் வேறு, அதுதான் தேய்மானம். உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அதை யாரோ வருஷக்கணக்கில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். (அப்படி விரிந்த உளியை வாங்கினால் விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், சில்லு தெறித்துக் கண்ணில் படும்.) மரப்பிடியில் எந்த இடம் கறுத்துப் பளபளக்கிறதோ அங்கேதான் உள்ளங்கை இருந்தது. கயிறு ஓடிய இடத்தில் வரி விழும். ஆனால் தேய்மானத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது, நம் ஊரில் ஸ்க்ரூ டிரைவர் பாதி நேரம் உளி, கட்டிங் பிளேயர் முக்கால் நேரம் சுத்தியல். செய்தவரும் பயன்படுத்தியவரும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. இரண்டும் முட்டிக்கொண்டால் செய்தவர் கட்சியில் சேர்ந்துகொள்வது என் வழக்கம்.

அளந்து பார்ப்பது இன்னொரு வழி, எனக்கு ரொம்பப் பிடித்த வழியும்கூட. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு எல்லோருக்கும் தெரியும். அதே நூலில் ஒரு சின்னச் சதுர மரக்கட்டையும் கோத்திருக்கும், நடுவில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக நூல் ஓடும். அந்தக் கட்டை தனியாகக் கிடைத்தால் யாராலும் சொல்ல முடியாது, ஏதோ உடைந்த பொம்மையின் துண்டு என்று தூக்கிப் போட்டுவிடுவோம். குண்டும் கட்டையும் சேர்ந்து கிடைத்தால் அளந்து பாருங்கள், கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒரே அளவு. தற்செயலாக அப்படி அமையாது. நூல் இரண்டுக்கும் நடுவில் போகிறது, ஆகவே நூலிலிருந்து கட்டையின் ஓரம் எவ்வளவு தூரமோ அதே தூரத்தில்தான் குண்டின் பக்கமும். கட்டையைச் சுவரின் மேல்பக்கம் ஒட்டிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால், சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்கும். விலகி நின்றாலோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலோ சுவர் கோணல். இரண்டு அளவும் ஒன்று என்பதைக் கவனித்த அந்த நொடியில் கருவியின் முழு வேலையும் புரிந்துவிடுகிறது.

எண்கள் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் எண் எதன் அளவு என்பதில் ஜாக்கிரதை. இப்போதைய ஸ்பேனரில் 10 என்று இருந்தால் வாயின் அகலம் 10 மில்லிமீட்டர். பழைய இங்கிலாந்து ஸ்பேனரில் கால் இஞ்ச் என்று பொறித்துப் பக்கத்தில் ஆங்கில டபிள்யூ எழுத்து இருக்கும், வாயை அளந்தால் அரை இஞ்சுக்கும் கொஞ்சம் மேல் வரும். ஏமாற்று வேலை இல்லை. அந்தக் கால் இஞ்ச் போல்ட்டின் தடிமன், வாயின் அளவு அல்ல. டபிள்யூ என்பது 1841-ல் திருகு மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று திட்டம் வகுத்த விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரரின் பெயர். அவர் மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. இந்த வித்தியாசத்துக்காகவே ஒரு கருவி உண்டு. பேனாக்கத்தி மாதிரி விரியும், ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ரம்பப் பல், ஒவ்வொன்றிலும் ஓர் எண். நான் முதல்முறை பார்த்தபோது மீன் செதில் எடுக்கிறதோ என்று நினைத்தேன். பல் கூர்மையாக இல்லையே, இருபது முப்பது தகடு எதற்கு என்றெல்லாம் தோன்றவில்லை. அது த்ரெட் கேஜ், போல்ட்டின் மேல் தகட்டை வைத்துப் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பார்த்து மரையின் அளவைச் சொல்வது. எதையும் அறுக்காது, சும்மா ஒப்பிட்டுப் பார்க்கும்.

மரை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் திருகினால் இறுகும் என்பதுதான் வழக்கம். ஒரு பொருளில் மரை தலைகீழாக இருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய துப்பு, ஏனென்றால் காரணம் இல்லாமல் யாரும் அப்படி வெட்ட மாட்டார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பொருள் சுற்றுகிற திசையில் நட் தானாகக் கழன்றுவிடும் என்ற பயம் ஒன்று. சைக்கிளின் இடது பெடல், பெஞ்சு கிரைண்டரின் இடப்பக்கச் சக்கரம், டேபிள் ஃபேன் இறக்கையை முன்னால் பிடித்திருக்கும் மூடி எல்லாம் இந்த ரகம், ஃபேன் துடைக்கிற அன்று இதை வழக்கமான பக்கம் திருகிக் கை வலித்தவர்கள் பலர் இருப்பீர்கள். இரண்டாவது, மாற்றி மாட்டிவிடக்கூடாது என்ற பயம். கேஸ் வெல்டிங் கடையில் பாருங்கள், ஆக்சிஜனுக்குச் சாதாரண மரை, அசிட்டிலீனுக்கு லெஃப்ட் த்ரெட். போதாக்குறைக்கு அசிட்டிலீன் நட்டின் மூலைகளில் சின்ன வெட்டும் போட்டிருக்கும், இருட்டில் தடவினாலும் தெரியும்படி. ஆகவே சந்தையில் மூலை வெட்டிய பித்தளை நட் ஒன்று கிடைத்தால் அது எரிகிற வாயு சமாச்சாரம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

எண்ணுக்கு இன்னோர் உதாரணம் பாட்டி வீட்டுத் தையல் மெஷின் டப்பா. அதில் வெட்டுக்கிளி மாதிரி ஒன்று இருக்கும், மடங்கிய கால்கள், கவட்டை மாதிரி ஒரு கை, மேலே ஒரு சின்னத் தகட்டில் 1, 6, 12 என்ற எண்கள். தைக்கத் தெரியாதவர்களுக்கு அது மர்மம்தான். கவட்டைக் கை ஊசியைப் பிடித்திருக்கும் திருகைக் கவ்விக்கொள்ளும், ஊசி ஏறி இறங்க இதுவும் ஆடும். அப்படியென்றால் எண்கள் மில்லிமீட்டரும் இல்லை இஞ்சும் இல்லை, ஊசி எத்தனை முறை இறங்கியது என்கிற கணக்கு. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பு, ஆறு தையலுக்கு ஒரு மடிப்பு, பன்னிரண்டு தையலுக்கு ஒரு மடிப்பு. பாவாடைக்கு ஃபிரில் வைக்கிற ரஃப்ளர் அது.

எண்ணை வைத்துக் கண்டுபிடித்த கதைகளில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. கிரேக்க நாட்டில் ஆன்டிகிதெரா என்ற தீவுக்குப் பக்கத்தில் கடலில் மூழ்கிய பழைய கப்பல் ஒன்றிலிருந்து 1901-ல் துருவும் பாசியும் ஏறிய ஒரு வெண்கலக் கட்டி வெளியே வந்தது. அடுத்த வருஷம்தான் அதற்குள் பல்சக்கரம் இருப்பது தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருளில் பல்சக்கரமா என்று பலரும் நம்பவே இல்லை. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள், 2005-ல் இன்னும் நுணுக்கமான ஸ்கேனும் எடுத்தார்கள். மிச்சம் இருப்பவை 82 துண்டுகள், 30 பல்சக்கரங்கள். அதில் ஒரு சக்கரத்தில் 223 பற்கள். 223 என்பது யாருடைய ராசி எண்ணும் அல்ல, அது பகா எண், வேறு எண்களைப் பெருக்கி அதைப் பெற முடியாது, அப்படி ஒரு சக்கரத்தை வெட்டுவதும் சங்கடம். பிறகு ஏன் வெட்டினார்கள்? 223 சந்திர மாதங்கள், அதாவது சுமார் 18 வருஷமும் 11 நாளும் கழித்துக் கிரகணங்கள் பழைய வரிசையிலேயே திரும்ப வரும். பஞ்சாங்கம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பல்லை எண்ணியதில் கட்டியின் வேலை தெரிந்துவிட்டது, அது வானத்தைக் கணக்குப் போடுகிற இயந்திரம். இங்கேயும் லேத் பெரியவர் சொன்னதுதான், வசதியான 220 இருக்கும்போது சிரமமான 223-ஐ ஒருவர் வெட்டியிருக்கிறார் என்றால் சும்மா வெட்டியிருக்க மாட்டார்.

சரி, குச்சிக்கு வருவோம்.

பெரியவர் அதைக் கையில் வாங்கினார், ரப்பரைப் பார்க்கவே இல்லை. நடுவில் பருத்த இடத்தை விரலால் தடவி, "இங்க பாருங்க, கை ஓடியிருக்கு" என்றார். உண்மைதான், நடுப்பகுதி மட்டும் கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னியது. கையால் பிடித்து அமுக்குகிற பொருளாக இருந்தால் ஒரு முனைப் பக்கம் கறுத்திருக்கும். இது நடுவில், அதுவும் சுற்றிலும் ஒரே மாதிரி. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கீரை மத்து மாதிரி உருட்டியிருக்கிறார்கள்! நான் உருட்டிப் பார்த்தேன், கை தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது. சரி, சுற்றுகிறது, ரப்பர் எதையோ கவ்வுகிறது, கவ்வியதையும் சேர்த்துச் சுற்றுகிறது. இரண்டு முனையிலும் இரண்டு அளவு என்றால் கவ்வப்படுகிற பொருளும் பெரிதும் சிறிதுமாக இரண்டு ரகம், முகம் வட்டமாக, வழவழப்பாக இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள வேறு வழி இருக்கக்கூடாது. இந்த இடத்தில் எனக்கே பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை.

"இன்ஜின் வால்வு தம்பி. வால்வு கிரைண்டிங் பண்ற குச்சி."

இன்ஜினில் காற்று உள்ளே போகிற வால்வு ஒன்று, புகை வெளியே போகிற வால்வு ஒன்று, உள்ளே விடுவது பெரும்பாலும் கொஞ்சம் பெரிது. வால்வும் அது உட்காருகிற இடமும் இடைவெளி இல்லாமல் பொருந்தாவிட்டால் அமுக்கம் கசிந்து இன்ஜின் இழுக்காது. அதனால் வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இந்தக் குச்சியின் ரப்பரை வால்வின் தலையில் ஒட்டவைத்து, உள்ளங்கையில் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நடுநடுவே தூக்கி, இடத்தை மாற்றி மறுபடி உருட்ட வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் வேலை முடிந்தது. ரப்பர் மட்டும் கதை சொல்லியிருந்தால் வாஷ்பேசினில் முடிந்திருக்கும், மரத்தில் இருந்த தேய்மானம்தான் சரியான இடத்துக்குக் கூட்டிப்போனது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் ரோமானியர் காலத்து வெண்கலப் பொருள் ஒன்று நூற்றுக்கும் மேல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உள்ளே கூடு, பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் ஒரு வட்ட ஓட்டை, ஓட்டைகள் வேறு வேறு அளவு, இருபது மூலையிலும் ஒவ்வொரு குமிழ். கையுறை பின்னுவதற்கு, தூரம் அளப்பதற்கு, மெழுகுவத்தி வைப்பதற்கு என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை செலவு செய்து வார்த்திருக்கிறார்கள், அதனால் காரணம் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் வேலை செய்து தேய்ந்த தடம் இல்லை, அக்கால எழுத்து எதிலும் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை, ஒன்றுக்கொன்று அளவும் ஒத்துப்போகவில்லை. அளவுகருவியாக இருந்தால் அளவு ஒத்துப்போயிருக்கும். செய்தவர் பேசுகிறார், பயன்படுத்தியவர் வாயே திறக்கவில்லை.

நம் ஊரிலும் அப்படி ஒரு ரகம் உண்டு, அது மெக்கானிக்குகள் தாங்களே செய்துகொள்ளும் கருவி. கம்பெனி ஸ்பெஷல் டூல் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும், கடைக்காரப் பையன் ஒரு பைப் துண்டின் முனையில் நாலு பல் அறுத்து மேலே ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்து அதே வேலையை முடித்துவிடுவான். அதற்குப் படமும் கிடையாது, பெயரும் கிடையாது. வெல்டிங் மொத்தை தெரிந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் பழைய பொருள் எது என்று முதலில் பாருங்கள், பழைய பேரிங் வளையம், பழைய சாக்கெட். எந்த வண்டியின் எந்த நட்டுக்கு அந்தப் பல் சேரும் என்பது மட்டும் அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

போனில் படம் எடுத்துத் தேடுவது பற்றியும் கேட்பீர்கள். தேடலாம், ஆனால் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அளவு தெரியாத படத்தில் தையல் மெஷின் உதிரியும் டிராக்டர் உதிரியும் ஒன்றுபோலத் தெரியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எண்ணும் எழுத்தும் இருக்கிற இடம் கிட்டத்தில் ஒன்று. அழுக்காக இருந்தால் சாக்பீஸ் பொடி தேய்த்தால் எழுத்து தூக்கித் தெரியும். பேட்டன்ட் எண் ஏதாவது பொறித்திருந்தால் ஜாக்பாட், அதைத் தேடினால் பொருளின் வரைபடமே கிடைக்கலாம். போன் சொல்கிற முதல் பதிலை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நிறத்தையும் உருவத்தையும் வைத்துச் சொல்கிறது, தடவிப் பார்க்கிற விரல் அதற்குக் கிடையாது.

வாங்கும்போது ஒரு விஷயம். பிரெட்ஸல் மாதிரி முறுக்கி வளைத்த தடித்த இரும்புக் கம்பி ஒன்று அடிக்கடி கண்ணில் படும், உள்ளங்கை அளவு, நல்ல கனம், எதற்கு என்று தெரியாது, மேஜையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். அது தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் தண்டிக்க 1966-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, அதனால் அதற்கு விலைகூடக் கேட்காதீர்கள். மூடி சீல் வைத்த குழாய், உள்ளே பாதரசம் ஆடுகிற கண்ணாடி, பழைய குண்டு மாதிரி எதுவாக இருந்தாலும் தொடாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

கடைசியாக, என் மேஜையில் இன்னும் பதில் இல்லாத ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு, ஒரு பக்கம் மட்டும் மில்லிங் செய்திருக்கிறது, இரண்டு வெண்கல புஷ் (தண்டு உள்ளே சுற்றுகிற வளையம்), அதில் ஒரு புஷ் மட்டும் ஒரே பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. தண்டு ஒன்று சுற்றியிருக்கிறது, ஒரு பக்கமாக எதுவோ அதை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, பெல்ட்டாக இருக்கலாம். பெரியவரிடம் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாதிதான் தம்பி, இன்னொரு பாதியைக் கொண்டா" என்றார். நாலு வெள்ளிக்கிழமையாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஃபேன் காற்றில் கரன்ட் பில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.